சைக்கிள் பழக்கி நேர்ஸ் ஆன கதை

எங்கள் கிராம அலுவலர் விதானையார் கிணற்றடியில் நின்று முதுகுக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் வீட்டுக் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு சைக்கிள் சில்லு உள்ளே வந்தது. அதன் பின்னால் ஹாண்டில் வந்தது. அதன் பின்னால் கனகேஸ்வரி ரீச்சரின் முகம் வந்தது.

மிச்ச ரீச்சர் வேலிக்கு வெளியே, என் பக்கத்தில் இருந்தார்.

விதானையார் வாளியைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டார். ரீச்சர்தான் முதலில் பேசினார். கிடுகுக்குள் கழுத்து மாட்டியிருந்த நிலையிலும் வகுப்பில் பேசுகிற அதே குரலில், வேலிக்கான செலவைத் தான் தருவதாகவும், அவர் ஆறுதலாகக் குளித்து முடிக்கலாம் என்றும் சொன்னார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "பிடிச்சிருக்கிறன் எண்டு சொன்னனீர்?" என்றார்.

"அங்கைவரைக்கும் பிடிச்சிருந்தனான், ரீச்சர்" என்று பின்னால் கையைக் காட்டினேன்.

அந்த விழுகையைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் பேசவில்லை. விதானையாருக்கு வாசச் சவர்க்காரம் எங்கிருந்து கிடைத்தது என்பதைத்தான் ஒரு வாரமாகப் பேசினார்கள். போர்க்காலத் தடையால் சவர்க்காரம் வராமல் நாங்கள் எல்லோரும் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கொடிகாமம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. தொழில், சைக்கிள் பழக்குவது. நோக்கம், நேர்ஸ் ஆவது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அதைத்தான் தினமும் கேட்டார்.

செய்து பார்த்த வேலைகள்

தாதியர் பயிற்சிக்கு நான் தெரிவான செய்தி வந்த அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். பயிற்சிக்கென்று காசு எதுவும் கட்டவேண்டியதில்லை, பயிற்சிக் காலத்தில் அரசாங்கமே மாதாமாதம் ஒரு தொகை தரும் என்று நான் விளக்கினேன். "பிறகென்ன, சோலி முடிஞ்சுது" என்றார் ஐயா, என் அப்பா.

சோலி அங்கேதான் தொடங்கியது. அந்தத் தொகை கொழும்பிலிருந்து வரவேண்டும். கொழும்பிலிருந்து அந்த நாட்களில் எங்களுக்கு ஒழுங்காக வந்தது குண்டு போடும் பொம்பர் விமானம் மட்டும்தான். முதல் கொடுப்பனவு கைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதுவரை யாழ்ப்பாணத்தில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கட்டவேண்டும். வெள்ளைச் சீருடை, வெள்ளைச் சப்பாத்து, விநாடி முள் உள்ள மணிக்கூடு, மெத்தை, வாளி என்று தேவைகள் வேறு நீண்டுகொண்டே போயின.

ஐயா மரக்கறித் தோட்டக்காரர். மண்ணெண்ணெய் கிடைக்காததால் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் மாட்டுக் கொட்டிலில் சாக்கு மூடிக் கிடந்தது. கையால் இறைத்துக் காப்பாற்றிய கத்தரியும் மிளகாயும் எங்கள் வயிற்றுக்கே சரியாக இருந்தது. அதனால் காசை நானே தேடுவதாக அறிவித்தேன். அறிவிப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

முதலில் கோழி வளர்த்தேன். என் கோழிகளால் நன்றாக வளர்ந்தது பக்கத்துக் காணியில் இருந்த கீரிதான்.

அடுத்ததாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தேன். பெற்றோர்கள் காசுக்குப் பதிலாக முருங்கைக்காய் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் வளவிலேயே மூன்று முருங்கை மரம் நின்றது.

பிறகு தையலில் இறங்கினேன். என் சின்னம்மாவுக்குத் தைத்த சட்டையில் இரண்டு கையும் இடது கைக்கானவையாக அமைந்தன. நல்ல மனுசி. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கலியாணத்துக்கே போய்வந்தார். ஆனால் சபையில் கைகூப்பிக் கும்பிட முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

மாஸ்டர் ஆனேன்

என்னிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. பெரியம்மாவின் மகள் கலியாணம் முடித்து வெளிநாடு போகும்போது எனக்கு விட்டுப்போனது. ஒருநாள் உபதபால் அலுவலகத்தில் வேலை செய்த யோகம் அக்கா படலையடியில் என்னை மறித்து, அந்தச் சைக்கிளைக் காட்டி, தனக்கு ஓடப் பழக்க முடியுமா என்று இரகசியமாகக் கேட்டார்.

எங்கள் வயதுப் பெட்டைகள் எல்லோரும் சைக்கிள் ஓடினோம். நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர் ஓடியதில்லை. அவர்களுக்குப் பஸ் இருந்தது. இப்போது பெற்றோல் இல்லை, பஸ்ஸும் அருந்தல். வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் மைல் கணக்கில் நடந்தார்கள். வளர்ந்த பிள்ளைகளிடம் போய்ப் பழக்கச் சொல்லிக் கேட்க அவர்களுக்கு வெட்கம். என்னிடம் வெட்கப்படத் தேவை இல்லை. சட்டைக்கு இரண்டு இடது கை வைத்தவளிடம் யார்தான் வெட்கப்படுவார்கள்?

யோகம் அக்கா பழகியதும் நெசவுசாலையில் வேலை செய்த சகோதரிகள் இருவர் வந்தார்கள். பிறகு இன்னும் சிலர். விடிந்தும் விடியாத நேரத்தில், தென்னந்தோட்டத்துக்கு நடுவே போகும் மணல் ஒழுங்கையில் பாடம் நடக்கும். சீலையைச் சொருகிக்கொண்டு அவர்கள் ஏறுவார்கள். நான் காரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். மணலில் விழுந்தால் அடி குறைவு என்பதுதான் என் பாடசாலையின் ஒரே விசேடம்.

ஓடுவதைவிட இறங்குவதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது. ஒருநாள் பொம்பர் சத்தம் கேட்டபோது ஒரே சைக்கிளில் வந்த நெசவுசாலை அக்காமார் இருவரும் ஒருவர்பின் ஒருவராகப் பாய்ந்து இறங்கி, தென்னை மரத்தடியில் குப்புறப் படுத்தார்கள். விமானம் போனபிறகு மூத்தவர் தலையைத் தூக்கி, "நான் வடிவா இறங்கினனான், கண்டனீரோ?" என்று கேட்டார். கண்டேன் என்றேன். உண்மையில் நான் அவருக்கு முன்பே படுத்துவிட்டேன்.

கட்டணம் கொஞ்சம் காசாகவும் மீதி தேங்காயாகவும் அரிசியாகவும் வந்தது. தேங்காயை ஐயா தன் மரக்கறியோடு சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுத் தந்தார். சீருடைத் துணிக்கும் மணிக்கூட்டுக்கும் சேர்ந்தது. வெள்ளைச் சப்பாத்து யாழ்ப்பாணம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட நாட்களில் போட்ட கன்வஸ் சப்பாத்தைத் தேடி எடுத்து, கரும்பலகைச் சோக்கை அரைத்துப் பூசினேன். நடக்கும்போது என்னைச் சுற்றி ஒரு சிறிய மேகம் எழும்பும். விடுதிக் காசுதான் பாக்கி. அது பெரிய தொகை.

பக்கத்தைப் பார்க்கும் ரீச்சர்

அந்த நேரத்தில்தான் கனகேஸ்வரி ரீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு மனையியல் படிப்பித்தவர். நான் தைத்த பொத்தான் ஓட்டையைத் தூக்கிப் பிடித்து, இதற்குள்ளால் ஒரு கன்றுக்குட்டி போய்வரலாம் என்று முழு வகுப்புக்கும் காட்டியவர். ஐம்பது வயது, நல்ல உடம்பு, சிரிப்பதற்குக் கணக்குப் பார்ப்பவர்.

வந்தவர் இருக்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே, "பவானி, எனக்கு ஓடப் பழக்கினால் உம்மடை விடுதிக் காசிலை பெரும்பகுதியை நான் தருவன். பழகாட்டி ஒண்டும் தரமாட்டன். சம்மதமோ?" என்றார்.

சம்மதம் என்றேன். சம்மதிப்பதிலும் நான் கெட்டிக்காரி.

ரீச்சரின் கணவர் தம்பிராசா மாமா. கலியாணம் முடித்த நாளிலிருந்து ரீச்சரைச் சைக்கிளின் பின் காரியரில் ஏற்றி, சாவகச்சேரியில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் ஏற்றிக்கொண்டு வருவார். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. ரீச்சர் நடக்கத் தொடங்கினார். பிந்திப் போனார். கால் வீங்கியது. வேலையை விட்டால் இருவருக்கும் மருந்தும் இல்லை, சாப்பாடும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ரீச்சருக்குப் பலம் இருந்தது, பயமும் இல்லை. ஆனால் முன்னால் பார்க்கமாட்டார். எத்தனை வருடம் காரியரில் பக்கவாட்டில் இருந்து போனவர்! வீதியின் இடது பக்கத்தை மட்டும் பார்த்துப் பார்த்து அவருடைய கழுத்துக்கு அதுவே பழகிவிட்டது. சைக்கிளில் ஏறியதும் தலை தானாக இடது பக்கம் திரும்பும். தலை போகும் பக்கத்துக்கு ஹாண்டிலும் போகும். எங்கள் ஊரில் அந்த மாதம் சேதமான வேலிகள் எல்லாம் இடது பக்கத்து வேலிகள்.

"முன்னாலை பாருங்கோ ரீச்சர்" என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்ப்பார்.

யாருக்கு வருத்தம்?

பயிற்சிக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியது. ஒரு காலையில் ரீச்சர், இன்றைக்குத் தான் சொல்லும்போது கையை எடுக்கவேண்டும் என்றார். ஒழுங்கை முடிந்து தார் வீதி தொடங்கும் இடத்தில் "விடும்" என்றார். விட்டேன். நேராகத்தான் போனார். எனக்கு விடுதிக் கட்டில் கண்ணில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வீதியைக் கடந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரீச்சர் தாரில் இருந்தார். இடது மணிக்கட்டு இருக்கவேண்டிய விதத்தில் இருக்கவில்லை. முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்திருந்தது. அதைப் பார்த்ததுதான் எனக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது என் முகமெல்லாம் தண்ணீர். ரீச்சர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சீலைத் தலைப்பைப் பிழிந்து என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டார் மாட்டுவண்டி பிடித்தார்கள். வண்டியில் ரீச்சர் இருந்து வந்தார், நான் படுத்து வந்தேன்.

சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் இருந்த நேர்ஸ் மிஸ்ஸி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, யாருக்கு வருத்தம், யார் நோயாளி என்று கேட்டார். பிறகு என் நிறத்தைப் பார்த்துவிட்டு முதலில் எனக்கே கட்டில் கொடுத்தார். ரீச்சர் அவரிடம், "உவ நேர்ஸ் படிக்கப் போறா" என்று சொன்னார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. பயிற்சி பெற்ற நேர்ஸ் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று படுத்தபடியே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து, நான் போகவில்லை என்று சொன்னேன். முறிந்த கையைப் பார்த்து விழுகிறவளுக்கு ஆசுப்பத்திரியில் என்ன வேலை? விடுதிக் காசும் இனி வராது. வேலைக்குப் போகிற ஒரு மனுசியின் கையை உடைத்ததுதான் மிச்சம். அம்மா அழுதார். ஐயா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "போகாதை எண்டு நான் சொல்லமாட்டன் பிள்ளை. என்னட்டைக் காசு இல்லை எண்டு மட்டும்தான் சொல்லுவன்" என்றார். அந்த நாட்களில் நான் கேட்ட மிகக் கடினமான வார்த்தை அதுதான். அதற்குமேல் என்னால் பகிடி விட முடியவில்லை. பின்வளவுக்குப் போய் வெறும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன்.

சீட்டு

இரண்டு நாள் கழித்து யோகம் அக்கா சைக்கிளில் வந்தார். அவருடைய காரியரில், பக்கவாட்டில், மாக்கட்டு போட்ட கையைத் தூளியில் தொங்கவிட்டபடி ரீச்சர் இருந்தார்.

இந்தத் தடவை ரீச்சர் கதிரையில் இருந்தார். நான் போகமாட்டேன் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதாகவும், என்ன காரணம் என்றும் கேட்டார். நான் மயங்கியதைச் சொன்னேன்.

"பவானி, நான் ஓடேக்கை விழுந்தனான். நீர் நிண்டபடியே விழுந்தனீர். உமக்கு அடி குறைவு. கை சுகமானவுடனை நான் திரும்பவும் ஏறப்போறன். நீர் ஏன் நிக்கிறீர்?"

காசு இல்லை என்றேன்.

காசைப் பற்றிப் பேசத்தான் வந்தோம் என்றார் யோகம் அக்கா. ரீச்சர் தன் பேச்சை மாற்றுகிறவர் அல்ல. பழகவில்லை, அதனால் சொன்ன காசைத் தரமாட்டார். ஆனால் என்னிடம் சைக்கிள் பழகிய பெண்களைச் சேர்த்து ஒரு சீட்டுப் பிடித்திருக்கிறார். எல்லோரும் மாதம் ஒரே அளவு போடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் முழுவதையும் எடுப்பார். சீட்டுப் பிடிக்கிறவர்தான் முதல் மாதத்துக் காசை எடுப்பது வழக்கம். ரீச்சர் தன்னுடைய முதல் மாதத்தை எனக்கு விட்டுத் தருகிறார். நான் கடைசி மாதம்வரை மற்றவர்களைப்போல் கட்டவேண்டும்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்கினார். ரீச்சர் மறித்தார்.

"இது தானம் இல்லை. கட்டாட்டி விடுதிக்கே வருவம். உங்கடை மகளின்ரை புண்ணியத்திலை இப்ப எல்லாருக்கும் சைக்கிள் ஓடத் தெரியும்."

ஐயா மெத்தையைச் சுருட்டித் தன் சைக்கிளில் கட்டினார். நான் வாளியை என் ஹாண்டிலில் தொங்கவிட்டேன். கைதடி வெளிக் காற்றில் வாளி மணிபோல் அடிக்க அடிக்க யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன். அன்று காலையில் பூசிய சோக் நாவற்குழியிலேயே முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள்

முதல் மாதத்தில் வார்ட்டில் இரண்டு தடவை மயங்கி விழுந்தேன். மூன்றாவது தடவை விழ நேரம் இருக்கவில்லை. ஷெல் காயக்காரர்களை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ஒரு சிறுமியின் காலை நான் பிடிக்கவேண்டியிருந்தது. விட்டால் அவளுக்கு வலிக்கும் என்பது தெரிந்ததால் விடவில்லை. அன்று மாலை கை கழுவும்போதுதான், நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

கொடுப்பனவு மட்டும் வரவில்லை. முதலில் ஒரு சீட்டுத் தவணை தவறியது. பிறகு அடுத்ததும் தவறியது. ஊருக்குப் போகும் விடுமுறை நாட்களிலும் ஏதாவது சாட்டுச் சொல்லி விடுதியிலேயே நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க ஆட்கள் வந்திருப்பதாக விடுதிப் பொறுப்பாளர் அம்மா ஆள் அனுப்பினார். அவருக்குப் பயந்து விடுதிப் பூனைகூடப் பின்வாசலால்தான் போகும். வாசலுக்கு வந்து பார்த்தேன். நான்கு சைக்கிள்கள் மதிலில் சாய்த்திருந்தன. யோகம் அக்கா, நெசவுசாலை அக்காமார் இருவர், கனகேஸ்வரி ரீச்சர். கொடிகாமத்திலிருந்து பதினைந்து மைல். நான்கு பேருக்கும் முகம் தக்காளிபோல் சிவந்திருந்தது.

காசு கேட்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கேட்கத்தான் வந்திருந்தார்கள். அந்த மாதத்துச் சீட்டு யோகம் அக்காவுடையது. மழைக்கு முன் வீடு வேயவேண்டும். கொடுப்பனவு வரவில்லை என்று நான் விக்கி விக்கிச் சொன்னேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யோகம் அக்கா தன் மாதத்தைப் பின்னுக்குத் தள்ளலாம், ஒரு பக்கத்துக் கிடுகை மட்டும் இப்போது மாற்றினால் போதும் என்றார். காசுக் கதை அவ்வளவில் முடிந்தது. பிறகு மூத்த நெசவுசாலை அக்கா பொதியை அவிழ்த்து எனக்குப் புட்டும் மீன்பொரியலும் தந்தார்.

சாப்பிட்டுக்கொண்டே, ரீச்சர் எப்படிப் பழகினார் என்று கேட்டேன். யோகம் அக்காதான் சொன்னார். கைக்கட்டு அவிழ்த்ததும் தம்பிராசா மாமாவை ஒழுங்கையின் அந்தத் தொங்கலில், கடைசி முனையில், கதிரை போட்டு இருத்தினார்களாம். ரீச்சர் இந்தத் தொங்கலில் ஏறி, அவரைப் பார்த்துக்கொண்டே நேராக ஓடிப்போனாராம். அவ்வளவுதான். ஒன்றரை மாதம் நான் பின்னால் ஓடிக் கத்திக் களைத்த பாடம் ஒரு கதிரையால் முடிந்துவிட்டது.

அதுவரை தூரத்தில் நின்று கவனித்த பொறுப்பாளர் அம்மா கிட்டே வந்து, "ஆர் இவை?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயில் புட்டோடு விழித்தேன். ரீச்சர் எழுந்து, சீலையைச் சரிசெய்து, மரியாதையாகச் சொன்னார்:

"நாங்கள் இவவட்டைச் சைக்கிள் படிச்ச பிள்ளையள்."

பொறுப்பாளர் அம்மா நான்கு சைக்கிளையும் பார்த்தார். நான்கு பேரின் தலை நரையையும் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அவர்கள் பொழுதுபட முன் ஊர் சேரவேண்டும் என்று புறப்பட்டார்கள். ரீச்சர் திரும்பிப் பார்க்காமல், நேராகப் போனார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. கடன்காரியாக நிற்பது வெட்கமாகவும் இருந்தது.

மாலையில் பொறுப்பாளர் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விடுதியில் வெளியாட்களை வைத்துப் புட்டுச் சாப்பிட்டதற்கு ஏச்சு விழும் என்று போனேன். அவர் கதவைச் சாத்தினார். யன்னலையும் சாத்தினார். பிறகு மிக மெல்லிய குரலில் கேட்டார்:

"எத்தினை நாளிலை பழகலாம்?"

பழக்கும் கட்டணமாக, என் கொடுப்பனவு வரும்வரை சீட்டுக் காசை அவர் தன் சம்பளத்திலிருந்து கட்டினார். மழைக்கு முன் யோகம் அக்காவின் வீடு முழுவதும் வேய்ந்தாயிற்று. பொறுப்பாளர் அம்மா பழகிய கதையை மட்டும் இங்கே எழுதமாட்டேன். அவர் இன்னும் நல்ல சுகமாக இருக்கிறார். இந்த வார இதழையும் ஒழுங்காக வாங்கி வாசிக்கிறார்.